மேய்க்கால் மேட்டின் சூப்பர்வைசர்

“என்னை நிறுத்துற வேலி இந்தத் திருவள்ளூர் ஜில்லாவுல இன்னும் எவனும் அடிக்கல. அப்பிடி ஒருத்தன் அடிச்சிட்டான்னு வெச்சிக்கோ, என் பட்டியிலேந்து ஒரு கெடாவை அறுத்து ஊருக்கே பிரியாணி போடறேன். எழுதிக்கோ!”

மூன்று வருஷத்துக்கு முன் கிராமசபைக் கூட்டத்தில் எட்வர்ட் எழுந்து நின்று இப்படி அறிவித்தபோது பலத்த கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் வீரத்துக்குத் தட்டினார்கள். பின்வரிசைக்குப் பிரியாணி என்ற சொல் மட்டும்தான் கேட்டது. அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஊராட்சிச் செயலர் கடமை தவறாதவர். குடிநீர்க் குழாய்த் தீர்மானத்துக்கும் தெருவிளக்குத் தீர்மானத்துக்கும் நடுவில் அதை அப்படியே எழுதிவைத்தார். இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது; வேண்டியவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எட்வர்ட் லேசுப்பட்ட ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம், பழுக்கக் காய்ச்சிய கம்பி பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வரும்போது இடுக்கியால் அதன் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டவர். இடுப்பு போனது, இடுப்போடு வேலையும் போனது. அதற்குப் பிறகு ஏழு வெள்ளாடு வாங்கினார். ஒன்பது வருஷத்தில் அது முப்பத்தொன்று ஆயிற்று. மில்லில் தன்னை மேய்த்தவர்களின் பதவிகளையே ஆடுகளுக்குப் பெயராக வைத்ததில் அவருக்கு ஒரு தனித் திருப்தி இருந்தது. மந்தைக்கு முன்னால் நடக்கும் அரைக்காதுப் பெட்டைக்கு ‘சூப்பர்வைசர்’ என்று பெயர். எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நிற்கும் தாடிக்காரக் கிடா ‘எச்.ஆர்.’ எப்போது காணாமல் போகும், எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாத கறுப்புக் கிடா ‘கான்ட்ராக்டர்’.

“யோவ் எச்.ஆரு! இங்க வாய்யா!” என்று ஊர்நடுவே எட்வர்ட் அதட்டும்போது, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற தொழிலாளர்கள் அரை நிமிஷம் நின்று காது குளிரக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த மாபெரும் நிர்வாகம் முழுவதும் மேய்ந்தது எளாவூருக்கு மேற்கே, ரயில்பாதை தாண்டி இருக்கிற செம்மண் சரளை மேட்டில். நாற்பது ஏக்கர். ஊராட்சிக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு. ஊர் வாயில் வெறும் ‘மேய்க்காலு’. பாதி இடத்தில் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல முள். மீதியில் சரளை, பாம்புப் புற்று, சாராய பாட்டில். மழை பெய்தால் ஒரு மாதம் பச்சை. பதினோரு மாதம் பழுப்பு.

அந்த மேட்டில் காடு வளர்க்கப் போகிறோம் என்று சொல்லத்தான் அன்றைய கிராமசபைக்குச் சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட்டின் அதிகாரி காயத்ரி வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு டேப்பு, கண்ணில் நம்பிக்கை. காற்றில் இருக்கிற கரியை மரம் இழுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும், அதனால் பூமியின் சூடு குறையும் என்று அவர் விளக்கினார்.

“ஏன் மேடம், நான் மில்லுல இருபத்திரெண்டு வருஷம் மேல அனுப்பிச்ச கரியையா?” என்றார் எட்வர்ட்.

“அதையும்தான் சார்.”

“அனுப்பறதுக்கு ஒரு சம்பளம், திருப்பிக் கொண்டாறதுக்கு ஒரு சம்பளம். நடுவுல என் ஆடு பட்டினி. நல்லா கீது மேடம்.”

காயத்ரி சொன்ன ஒப்பந்தம் சுருக்கமானது. நாற்பது ஏக்கரையும் அடைத்து, நாட்டு மரம் வளர்ப்பார்கள். மூன்றாம் வருஷ முடிவில் வெளியூரிலிருந்து ஒருவர் எண்ண வருவார். ஏக்கருக்கு இருநூறு வீதம், எட்டாயிரம் நாட்டு மரம் உயிரோடு நின்றால் காடு நிலைக்கும். ஆறாம் வருஷத்திலிருந்து மேட்டை நாலு பங்காகப் பிரித்து, முறை வைத்து ஆடு மேய்த்துக்கொள்ளலாம். எட்டாயிரம் தேறாவிட்டால் டிரஸ்ட் மூட்டை கட்டிவிடும். அப்போது அந்த இடத்துக்கு இன்னொரு மனு காத்திருந்தது: ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடியில் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கிற லாரிகளுக்கு ஒரு நிறுத்துமிடம். சிமென்ட் தரை, சுற்றிலும் எட்டடிச் சுவர். சுவருக்குள் ஆடு மேய்வதற்கு டயர் மட்டும்தான் இருக்கும்.

எட்வர்ட் இரண்டையும் நம்பவில்லை. “வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்துகினு போயிடுவாங்க. அதுவரைக்கும் என் ஆடு இன்னா பீட்ஸாவா துன்னும்?” என்றார். அதற்குப் பிறகுதான் மேற்படிச் சூளுரை.

டிரஸ்ட் வேலி அடித்தது. கல் தூண், ஐந்து வரிசை முள்கம்பி. காவலுக்கும் வேலைக்கும் பொறுப்பாகத் திலகவதியைப் போட்டார்கள். நூறு நாள் வேலையில் ‘மேட்’டாக இருந்து அறுபது பேரைக் கட்டி மேய்த்தவர், அவர் குரல் எழுந்தால் ரயில் நிற்குமோ என்று ஒரு சந்தேகம் ஊரில் உண்டு.

நாலே நாள். ஐந்தாம் நாள் காலை எட்வர்ட் டீக்கடையில் திலகவதியைப் பார்த்து, தோற்ற அணியின் தலைவருக்குக் கை கொடுக்கிற தோரணையில் சொன்னார்: “திலகாம்மா, தப்பா நினைச்சிக்காத. நேத்து நாங்க உள்ள போய்ட்டு வந்துட்டோம்.”

“எப்பிடிண்ணே? கம்பி அறுபடவே இல்லியே!”

“கம்பியோட வாழ்ந்தவன் கம்பியை அறுப்பானா?”

முறை எளிமையானது. ஒரு கவட்டைக் குச்சி. கீழ்க்கம்பியைத் தூக்கி முட்டுக் கொடுத்தால் முழங்கால் உயரத்துக்கு வாசல். சூப்பர்வைசர் முதலில் நுழையும். பின்னாலேயே நிர்வாகம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக, மில் வாசலில் அட்டெண்டன்ஸ் போடுகிற ஒழுங்கோடு போகும்.

திலகவதி உள்பக்கம் வேலிகாத்தான் முள்ளை வெட்டி ஆளுயரம் அடுக்கினார். எட்வர்ட் மில்லின் பின்புறம் வீசிக் கிடந்த பழைய கன்வேயர் பெல்ட்டை உருட்டி வந்து முள்ளின்மேல் விரித்தார். மந்திரிக்கு விரிக்கிற கம்பளம் தோற்றது. ஆடுகள் அதன்மேல் நடந்த நடையில் ஒரு மிதப்பு இருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு அகழி வெட்டினார்கள். அகழியைப் பார்த்துச் சூப்பர்வைசர் ஒரே தாவு. மற்ற முப்பதும் முப்பது தாவு. எட்வர்ட்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏற வேண்டியிருந்தது.

“அண்ணே, உங்க ஆட்டுக்குப் பல்லா கீது, கட்டிங் பிளேயரா கீது?” என்று திலகவதி அகழிக்கு இந்தப்பக்கம் நின்று கத்துவார். “நான் காலைல நட்டுட்டுப் போறேன், சாயங்காலம் குச்சி மட்டும் நிக்குது!”

“குச்சிய விட்டுட்டு வந்திச்சி இல்ல? அத்த நினைச்சி சந்தோஷப்படு.”

முதல் வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டாம் வருஷம்தான் வரலாற்றுப் பிழை நடந்தது.

அந்தக் கோடையில் மேய்ச்சல் அறவே இல்லை. வேலிகாத்தான் மட்டும் மஞ்சள் நெத்தாகக் காய்த்துக் கொட்டியது. நெத்து இனிக்கும், ஆடு வேறெதையும் கேட்காது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் முப்பத்தொரு ஆடும் நெத்தே நாஷ்டா, நெத்தே மதியச் சாப்பாடு. பட்டியில் புழுக்கை மலையாகக் குவிந்தது. அதே நேரத்தில் குழிகளுக்குப் போட ஆட்டு எரு தேடிக்கொண்டிருந்தார் திலகவதி. மானத்தை விட்டு எட்வர்டின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

எட்வர்டின் மார்பு விரிந்தது. எதிரி வந்து கேட்கும்போது கொடுக்காமலிருப்பது ஆண்மையா? மூன்று டிராக்டர் எருவை இலவசமாக ஏற்றிவிட்டார். “ஜில்லாவுலயே இப்பிடி எரு கிடையாது. இத்தப் போட்டு செங்கல்ல புதைச்சா செங்கல்லு முளைக்கும்” என்றார்.

குழிகளில் எரு போட்டு, நாட்டு மரங்களான உசில், வாகை விதைகளைத் தூவினார்கள். ஐப்பசி மழை இறங்கியது. பத்தாம் நாள் மேட்டைப் பார்க்க ஊரே திரண்டது. ஒரு குழி தவறவில்லை! குழிக்கு நாலு, ஆறு, பத்து என்று பச்சை இறகு மாதிரி இலையோடு கன்றுகள் நிமிர்ந்து நின்றன. காயத்ரி சென்னையிலிருந்து காரில் ஓடிவந்து சேற்றில் செருப்பைத் தொலைத்தார். “இவ்ளோ முளைப்பு நான் எங்கயுமே பார்த்ததில்ல!” என்று ஒவ்வொரு குழியாகக் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார். எட்வர்டின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, கையில் ஒரு பிடி எருவைக் கொடுத்து, அதையும் எடுத்தார். டிரஸ்ட்டின் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது: ‘காட்டின் தந்தை’ என்று தலைப்பு. எட்வர்ட் அதை ஊரில் போன் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பினார். போன் இல்லாதவர்களுக்குத் தன் போனிலேயே காட்டினார்.

இருபத்திரண்டாம் நாள் களை எடுக்கக் குனிந்த திலகவதி “ஐயோ!” என்று கையை உதறினார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். உசிலுக்கும் வாகைக்கும் முள் கிடையாது.

நாற்பது ஏக்கரிலும் நிமிர்ந்து நின்றது வேலிகாத்தான். முப்பத்தொரு வயிற்றில் ஊறி, பக்குவப்பட்டு, இலவசமாக டிராக்டரில் வந்து இறங்கிய வேலிகாத்தான். எதை அழித்துவிட்டுக் காடு வளர்க்க வந்தார்களோ, அதையே குழி தோண்டி, எரு போட்டு, தண்ணீர் ஊற்றி, போட்டோவும் எடுத்து வளர்த்திருந்தார்கள்.

சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் ஏஞ்சலின், எட்வர்டின் மனைவி, நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஊக்கை நெருப்பில் காட்டி அவர் உள்ளங்கையில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எட்வர்ட் காலையிலிருந்து, யாரும் கூப்பிடாமலேயே, மேட்டில் கன்று பிடுங்கிவிட்டு வந்திருந்தார்.

“காட்டோட தந்தை, கையை ஆட்டாத. இது பதினேழாவது.”

“மெதுவா குத்தும்மே.”

“ஊருக்கெல்லாம் போட்டோ காட்னியே, இந்தக் கையை எட்த்துப் போட்டா இன்னா? கேன்டீன்ல கேக்கறாங்க, உங்க ஊட்டுக்காரரு நட்ட காடு எப்பிடி கீதுன்னு. குத்துதுன்னு சொல்டேன்.”

எட்வர்டின் மனசு மேட்டில் இருந்தது. அன்று மதியம் அங்கே இரண்டு பேர் வந்திருந்தார்கள். டேப்பை இழுத்து, சுண்ணாம்புப் பொடியால் ஒரு நீளக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு, “லாரி ஷெட்டு நைனா. காடு எப்பிடியும் தேறாதாமே? காம்பவுண்டு சுவரு இங்கேந்து வருது” என்றார் ஒருவர், தெலுங்கு கலந்த ஆரம்பாக்கத்துப் பேச்சில்.

வேலியை எட்வர்ட் தாண்டியிருக்கிறார், சுவரைத் தாண்டியதில்லை. சுவருக்குக் கீழ்க்கம்பி கிடையாது.

எண்ணிப் பார்த்ததில் வேலிகாத்தானைப் பிடுங்கிய பிறகு மேட்டில் உயிரோடு நின்ற நாட்டுக் கன்று மூவாயிரத்துச் சொச்சம். எண்ணுகிறவர் வர இன்னும் ஒரு வருஷம். புதிதாக நட்டால் அடுத்த கோடையில் பாதி போய்விடும் என்று காயத்ரி குழிமேட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், கம்பி இடுக்கில் புகுந்து சூப்பர்வைசர் வந்தது. குச்சி வைக்காமலேயே அது பழகிவிட்டிருந்தது.

“த்தா, அது வேற வந்துடுச்சி! ஓட்டுங்கண்ணே!” என்று திலகவதி கல்லை எடுத்தார்.

சூப்பர்வைசர் யாரையும் மதிக்காமல் நேராக ஓடியது. நடுவில் இருந்த கன்றுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மொட்டைச் சரளைத் திட்டில் நின்று, தரையோடு தரையாக எதையோ கடித்தது. எட்வர்ட் போய்க் காதைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். அங்கே விரல் உயரத்துக்கு இரண்டு துளிர்.

“காரைச் செடி” என்றார். “இது எப்பவும் இங்கதான் மொதல்ல ஓடும். ஒம்பது வருஷமா. மழை பேஞ்சி எட்டாம் நாளு இங்க ஒரு வாயி, அப்பறம் அந்தப் பாம்புப் புத்தாண்ட உசிலு ஒரு வாயி, அப்பறம் கிழக்கால பாலை.”

காயத்ரி எழுந்து வந்தார். துளிரைச் சுற்றி விரலால் சரளையைக் கிளறினார். பிறகு பேனாவால். பிறகு திலகவதியின் களைக்கொத்தை வாங்கிக் கொத்தினார். ஒரு சாண் ஆழத்தில் வேர் தெரிந்தது. விரல் கனமில்லை, மணிக்கட்டுக் கனமில்லை. எட்வர்டின் தொடைக் கனம்.

“சார்” என்றார் காயத்ரி. “இது நேத்து முளைச்ச கன்னு இல்ல. இது மரம். வெட்டி எத்தனை வருஷமோ. கீழ உயிரோடதான் இருக்கு. வருஷா வருஷம் துளிர் விடுது, வருஷா வருஷம் உங்க ஆடு தின்னுடுது!”

“அப்போ...”

“அப்போ காடு இங்க ஏற்கெனவே இருக்கு சார்! மண்ணுக்குள்ள! இந்த மாதிரி எத்தனை இடம் தெரியும் உங்களுக்கு?”

எட்வர்ட் தலையைச் சொறிந்தார். “எனக்கு எங்க தெரியும்? சூப்பர்வைசருக்குத்தான் தெரியும்.”

அடுத்த ஒரு மாதம் மேய்க்கால் மேட்டில் நடந்தது போன்ற ஒரு நில அளவை அதற்குமுன் நடந்ததாகத் தகவல் இல்லை. ஏஞ்சலின் கேன்டீனிலிருந்து வெங்காய மூட்டையின் வலைச்சாக்கை எடுத்துவந்து, வெட்டித் தைத்து, சூப்பர்வைசருக்கு ஒரு வாய்க்கூடை செய்துகொடுத்தார். கழுத்தில் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனையில் எட்வர்ட். எட்வர்டுக்குப் பின்னால் ஒரு கட்டு மூங்கில் குச்சியும் சிவப்புத் துணியுமாகத் திலகவதி. கடைசியில் நோட்டுப் புத்தகத்தோடு காயத்ரி. ஆடு ஓடும், எல்லாரும் ஓடுவார்கள். ஆடு நின்று, வாய்க்கூடைக்குள் நாக்கைச் சுழற்றி, ஏமாற்றத்தில் ‘மே’ என்று கத்தும் இடத்தில் ஒரு கொடி.

“களா!”

“எழுதியாச்சு!”

“இன்னாது இது... இலந்தை! பக்கத்துலயே பாலை!”

“ஒரு நிமிஷம் சார், ஓடாதீங்க!”

“நான் எங்க ஓடறேன், இதுல்ல ஓடுது!”

இடுப்பு வலிக்காரர் எட்வர்ட் அந்த ஒரு மாதம் ஓடிய ஓட்டத்தை மில்லில் ஓடியிருந்தால் பதவி உயர்வே கிடைத்திருக்கும். சூப்பர்வைசர் களைத்தால் கான்ட்ராக்டர் முறை. எச்.ஆரையும் ஒருநாள் முயன்று பார்த்தார்கள். அது இருந்த இடத்திலேயே நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார்கள். செம்மண் மேடு முழுக்கச் சிவப்புக் கொடி. ஏதோ கட்சி மாநாடு என்று நினைத்தவர்களும் உண்டு.

ஐயாயிரத்து நானூற்றுப் பத்து கொடி. ஒவ்வொன்றைச் சுற்றியும் முள் கொத்து வைத்து அடைத்தார்கள். கடிக்க வாய் இல்லாத முதல் வருஷத்தில் அந்தத் துளிர்கள் செய்த காரியத்தைத்தான் நம்ப முடியவில்லை. நட்ட கன்று ஒரு சாண் வளர்கிற நேரத்தில், பழைய வேரிலிருந்து கிளம்பியது இடுப்பளவு ஏறியது. இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்துவைத்திருந்த மாதிரி.

அந்த வருஷம் முழுக்க எட்வர்ட் ஆடுகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரைக்கு ஓட்டினார். டீக்கடையில் விடுவார்களா?

“இன்னா எட்வர்டு, வேலி நிறுத்திடுச்சி போல? பிரியாணி எப்போ?”

“நிறுத்துச்சா? என்னையா? நானே லீவு போட்டுகினு கீறேன்யா. லீவுக்கும் நிறுத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் டீ குடிக்க வந்துட்டான்.”

எண்ணுகிறவர் வந்தார். ஐதராபாத்திலிருந்து, தொப்பி, மூக்குக் கண்ணாடி, சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியது போன்ற முகம். மேடு முழுவதையும் அவர் எண்ணவில்லை. பத்து இடத்தில் கயிற்றால் சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணி, பெருக்கிக்கொள்வார். சதுரம் எங்கே என்பதை அவர் கையிலிருந்த கருவி சொல்லும். அதில் யார் பேச்சும் செல்லாது.

ஒன்பது சதுரம் வரை திலகவதி விரல் மடக்கிக் கூடவே எண்ணினார். ஒன்பதாவது முடிந்ததும் காயத்ரி நோட்டைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “கடைசிச் சதுரத்துல இன்னும் மூணு இருந்தா போதும். மூணே மூணு.”

பத்தாவது சதுரம் விழுந்தது ஒரு பாறைத் திட்டில். அகழி வெட்டியபோது அள்ளிப்போட்ட பழைய முள் குவியல் பாதி இடத்தை அடைத்துக் கிடந்தது. கொடி ஒன்றுகூட இல்லை. எண்ணுகிறவர் சுற்றிப் பார்த்தார். “ஜீரோ” என்று பேனாவைத் திறந்தார்.

“நில்லு சார்! எழுதாத!”

எட்வர்ட் ஓடினார். ரயில்பாதை தாண்டி, பட்டிக்கு. வாய்க்கூடை மாட்டின சூப்பர்வைசரைக் கயிற்றோடு இழுத்துவந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, ஆட்டுக்கு வாங்கவில்லை. எண்ணுகிறவர் காயத்ரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். காயத்ரி, “எங்க சீனியர் சர்வேயர்” என்று பதில் சொன்னார்.

சதுரத்துக்குள் விட்டார்கள். சூப்பர்வைசர் நின்றது. அரைக்காது இந்தப்பக்கம் திரும்பியது, அந்தப்பக்கம் திரும்பியது. திலகவதி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டார். பாறையை ஒரு சுற்று. எண்ணுகிறவரின் ஷூவை ஒரு முகர்வு. பிறகு நேராக முள் குவியலுக்குப் போய், முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் தூக்கி வைத்து, கழுத்தை நீட்டி, “மே!” என்றது. அது ஏமாற்றத்தின் ‘மே’. அதைவிட இனிமையான சத்தத்தை எட்வர்ட் தம் வாழ்நாளில் கேட்டதில்லை.

“கீது! உள்ள கீது! எடு முள்ளை!”

கவட்டைக் குச்சிக்கும் காத்திராமல் வெறுங்கையால் நாலு பேரும் இழுத்தார்கள். முள் குவியலுக்கு அடியில், வெளிச்சம் தேடி வளைந்து வளைந்து, ஆனால் தொடையளவு உயரத்தில்: பாலை. ஒன்று. அதை ஒட்டி இன்னொன்று. இன்னும் உள்ளே ஒரு காரை. அதற்கும் பின்னால், யாரும் கேட்காமலேயே, ஒரு களா.

“நாலு! நாலு சார், எண்ணிக்கோ! ஒண்ணு எக்ஸ்ட்ரா, உனக்கே வெச்சிக்கோ!” என்று எட்வர்ட் கத்தினார். திலகவதி விசில் அடித்தார். ரயில் நிற்கவில்லை, ஆனால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எண்ணுகிறவர் குனிந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, நாலு முறை டிக் அடித்தார். சிரிக்கக் கூடாது என்ற உத்தரவை அப்போது அவர் மீறியதாகக் காயத்ரி சொல்கிறார்.

எட்டாயிரத்து நாற்பது. லாரி ஷெட் மனு மறுபடி மேசைக்கு அடியில் போயிற்று. போகும்போது எண்ணுகிறவர் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: அடுத்த வருஷம் இதே நாளில் மறுபடி வருவேன். அப்போது இந்தத் துளிரெல்லாம் கடிபட்டுக் கிடந்தால், இன்றைய கணக்கு செல்லாது.

சாயங்காலம் டீக்கடையில் எட்வர்ட் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: “எண்ணி முடிச்சாச்சி. நம்ம லீவும் முடிஞ்சிச்சி. இன்னிக்கும் சொல்றேன், என்னை நிறுத்துற வேலி இந்த ஜில்லாவுல இல்ல.” திலகவதி டீயை வைத்துவிட்டு முறைத்தார். அன்று முதல் வேலியை இரண்டு முறை சுற்றிவர ஆரம்பித்தார்.

ஒன்பதாம் நாள் வேலி காணோம்.

நாற்பது ஏக்கரைச் சுற்றி ஓடிய ஐந்து வரிசைக் கம்பியையும் யாரோ நறுவிசாகச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். பழைய இரும்புக்குப் பஞ்சமில்லாத ஊர். எடை போடுகிற இடத்துக்கும் பஞ்சமில்லை. அந்தக் கம்பி எந்த உலையில் உருகி, எந்த ஊர்ப் பாலத்துக்குள் போய் நிற்கிறதோ. கல் தூணை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்; கல் உருகாது. முள்வேலியும், துளிர்களைச் சுற்றி வைத்த முள் கொத்தும் எப்போதோ மட்கிவிட்டன. அகழியை மழை தூர்த்துவிட்டது. புதுக் கம்பி வர மூன்று மாதம் ஆகும் என்று காயத்ரி போனில் சொன்னார். திலகவதி பிராது கொடுக்கப் பொன்னேரிக்குப் பஸ் ஏறினார். ஏறும்போது எட்வர்டை ஒரு பார்வை பார்த்தார்.

எட்வர்ட் பட்டியைத் திறந்தார். சூப்பர்வைசர் முன்னால், மற்ற முப்பதும் பின்னால். ரயில்பாதையைத் தாண்டியதும் மேடு தெரிந்தது. முந்தின நாள் தூறலில் நனைந்து, காரையும் உசிலும் பாலையும் புதுத்துளிர் விட்டு, இடுப்பளவுக்கு மினுமினுவென்று நின்றன. ஆள் நடமாட்டம் இல்லை. சூப்பர்வைசர் இரண்டு கல் தூணுக்கு நடுவே போய், கம்பி இருந்த இடத்தில் பழக்கத்தால் நின்றது. திரும்பி எட்வர்டைப் பார்த்தது. குச்சிக்காகக் காத்திருக்கிறது.

தூக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

எட்வர்ட் இரண்டு பக்கமும் பார்த்தார். எச்.ஆர். பார்த்துக்கொண்டிருந்தது, அது எப்போதும் பார்க்கும். சற்று நேரம் துளிர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தூணுக்கு நடுவில், ஆட்டுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“இன்னாடி மூஞ்சியப் பாக்குற?” என்றார் மெல்ல. “கேட்டு பூட்டிகீது.”

சூப்பர்வைசர் இடைவெளியைப் பார்த்தது. அவரைப் பார்த்தது.

“பூட்டிகீதுன்னு சொல்றேன் இல்ல? நட.”

மந்தையைத் திருப்பி, ஏரிக்கரைப் பாதையில் விட்டார். இரண்டு கிலோமீட்டர், வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, இடுப்பு வலித்தது. பாதிவழியில் எச்.ஆருக்குப் பக்கத்தில் போய், நடந்துகொண்டே அதன் முதுகெலும்பில் கையை வைத்து, சதையை அழுத்தி, ஊருக்கே போட எவ்வளவு தேறும் என்று பார்த்துக்கொண்டார்.